தி ஸ்நோமேன் (2017): நாவலின் முடிச்சுகளைத் தொலைத்த படம்

நார்வே எழுத்தாளர் ஜோ நெஸ்போவின் இதே பெயர் கொண்ட துப்பறியும் நாவலில் சந்தேகம் ஒருவர்மேல் விழும், வழக்கு முடிந்தது என்று போலீஸே நம்பும், பிறகு ஒரு சின்னத் தடயம் எல்லாவற்றையும் கலைத்துப்போடும். இது பலமுறை நடப்பதால்தான் கடைசியில் உண்மை தெரியும்போது தூக்கிவாரிப்போடுகிறது. படத்தில் இந்தப் பொய்த் திருப்பங்கள் ஏறக்குறைய காணாமல் போய்விட்டன. சந்தேகப்பட ஆளே இல்லாததால் கொலையாளி யாரென்று சீக்கிரமே ஊகித்துவிடலாம்.

காரணம் ரகசியமில்லை. நார்வேயில் படப்பிடிப்புக்கு நாள் போதவில்லை, திரைக்கதையில் 10 முதல் 15 சதவீதம் எடுக்கப்படவே இல்லை என்று இயக்குநர் தோமஸ் ஆல்ஃபிரட்சனே சொன்னார். எடிட்டிங்கில் உட்கார்ந்தபோதுதான் ஓட்டைகள் தெரிந்தனவாம். தெல்மா ஸ்கூன்மேக்கர் போன்ற எடிட்டிங் மேதை இருந்தும், எடுக்காத காட்சியை யாரால் ஒட்ட முடியும்?

அதிகம் அடிவாங்கியது பெர்கன் நகர ஃபிளாஷ்பேக். வால் கில்மர் நடித்த போலீஸ் அதிகாரி ராஃப்டோ கதையின் ஆணிவேர். இங்கே துண்டு துண்டாக வந்து போகிறார். குரலும் வேறொருவருடையது, வாயசைவோடு ஒட்டவில்லை. நாயகனான துப்பறியும் போலீஸ் ஹாரி ஹோலின் வீட்டில் பூஞ்சை அகற்ற வருபவரும் வருகிறார், போகிறார், எதற்கென்றே புரியவில்லை.

ஒளிப்பதிவாளர் டியான் பீபியின் பனிக் காட்சிகள் அருமை. ஹாரியாக மைக்கேல் ஃபாஸ்பெண்டரும் பொருத்தமான தேர்வுதான், ஆனால் ஹாரியின் பிடிவாதத்தைக் காட்ட அவருக்குக் காட்சிகளே இல்லை. நாவலைப் படிக்காதவர்கள் முதலில் அதைப் படியுங்கள். படம் பார்த்துவிட்டால் முடிவு தெரிந்துபோகும்.