கோபர் கேஸில் ஓடும் நைட்ரஜன் நீக்கித் தொட்டி: பண்ணைக்கு வாங்கலாமா?

சாணக் கழிவுநீரில் உள்ள நைட்ரஜனை நீக்கும் தொட்டி இது. கோபர் கேஸ் கலம் இல்லாத பண்ணைக்கு இது வேண்டவே வேண்டாம். கலம் ஓடுகிறது, கோபாலபுரம், மீனாட்சிபுரம் மாதிரி கேரள எல்லையோரம், கலத்திலிருந்து வரும் சிலரித் தண்ணீரைப் பாய்ச்சத் தோட்டம் போதவில்லை என்றால் யோசிக்கலாம்.

தொட்டிக்குள் சேமியா பருமனில் கட்டுக்கட்டாகக் குழல்சவ்வுகள். குழலுக்குள் கேஸ், வெளியே கழிவுநீர். குமிழியே வராது. சவ்வின் மேல் வழுவழுவென்று படிந்த நுண்ணுயிர்ப் படலம் கேஸில் உள்ள மீத்தேனை அடியிலிருந்து உறிஞ்சி, நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி விடுகிறது. ஆக்ஸிஜன் இல்லாமலே இதைச் செய்யும் உயிரிகளை 2006-ல்தான் நெதர்லாந்துக் கால்வாய்ச் சேற்றிலிருந்து வளர்த்துக் காட்டினார்கள். அங்கே தண்ணீரைச் சூடாக்க வேண்டும்; நம் பக்கத்து 30 டிகிரி அதற்குச் சொர்க்கம்.

நைட்ரேட் வடிவில் உள்ள 1 கிலோ நைட்ரஜனை நீக்க 60 சதவீத மீத்தேன் உள்ள கேஸ் சுமார் 2 கன மீட்டர் போகும். ஏறக்குறைய 50 கிலோ சாணம், ஐந்து மாட்டின் ஒரு நாள் கணக்கு. கேஸுக்குப் பதில் மெத்தனால் என்றால் 2.5 முதல் 3 கிலோ காசு கொடுத்து வாங்க வேண்டும்.

விற்பவர்கள் மென்று விழுங்கும் விஷயம் ஒன்று உண்டு. சிலரியில் இருப்பது அமோனியா, நைட்ரேட் இல்லை. அதை நைட்ரேட்டாக்க முன்னால் காற்று ஊதும் ஏரேஷன் தொட்டி கட்டாயம். 1 கிலோ அமோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க 4.57 கிலோ ஆக்ஸிஜன். ப்ளோயர் கரண்ட் பில்லையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும். ஏரேஷன் தண்ணீர் ஆக்ஸிஜனோடு நேரே உள்ளே வந்தாலோ, வேறு பாக்டீரியா மீத்தேனைத் தின்று கொழுக்கும். படலம் தடித்துப் போகும், நைட்ரேட் அப்படியே நிற்கும். அந்த ஆக்ஸிஜன் தீர நடுவில் ஒரு தேக்கத் தொட்டி வையுங்கள்.

பொறுமையும் வேண்டும். இந்த உயிரிகள் இரட்டிப்பாகவே ஒன்றிரண்டு வாரம்; பலன் தெரிய மாதக்கணக்கு. அழுக்கு என்று நினைத்து யாராவது பிரஷ் போட்டால் மறுபடி முதலிலிருந்து.

கேஸ் லைனில் இரும்புத்தூள் வடிகட்டி இல்லாவிட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு படலத்தைக் கெடுக்கும். குழலுக்குள் வியர்த்துத் தேங்கும் நீர் கேஸை அடைக்கும். தாழ்வான இடத்தில் வடிகால் வால்வு போட்டுத் தினமும் திறந்துவிட வேண்டும். குழல்கள் ஒட்டியிருக்கும் எபாக்ஸி பசை முனையில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், முதல் கசிவு அங்கேதான். அழுத்தத்தைக் கூட்டினால் மீத்தேன் வெளியேறும் தண்ணீரோடு கரைந்து போய்விடும்.

மூடிய ஷெட்டுக்குள் வைக்கவே கூடாது. காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் கலந்தால் வெடிக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற பக்கம் மேலே ஒரு தகரக்கூரை போதும், சுவர் வேண்டாம்.