வெள்ளவத்தையில் உளவளத்துணை: பத்துத் தரம் போய் வந்த அனுபவம்

குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் இடத்தின் பெயரைப் போடவில்லை. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை. விபத்தில் கால் உடைந்தவர் எப்படி ஏறுவார் என்று யாரும் யோசிக்கவில்லை போல. எனக்கு உடைந்தது கை, தப்பினேன்.

போன மார்கழியில், தெஹிவளைப் பக்கம், நான் வந்த திரீவீலரை ஒரு பஸ் பின்னால் இடித்தது. ஆறு கிழமையில் பிளாஸ்டர் கழற்றியாச்சு. ஆனால் 100, 101 பஸ் நிற்கும்போது 'புஸ்' என்று காற்று விடுமே, அதைக் கேட்டால் தெருவோரத்தில் அப்படியே விறைத்துப் போவேன். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு. அம்மா பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலில் நூல் கட்டுவித்தா. "பயந்திட்டாய் பிள்ளை, போயிடும்" என்றா. நாலு மாதமாகியும் போகவில்லை.

மிஸ் (உளவளத்துணையாளரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) முதல் நாள் விபத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நித்திரை, சாப்பாடு, எந்தெந்தத் தெருவுக்குப் போகாமல் விடுகிறேன், இவ்வளவும்தான். விபத்துக்குப் பிறகு பதறுவது வழமை, பலருக்குச் சில கிழமையில் தானாக அடங்கும். ஒரு மாதம் தாண்டியும் கனவும் நினைப்பும் விடாவிட்டால்தான் மனவடு என்று பார்ப்பார்களாம். நான் பஸ்ஸை விட்டு ஒதுங்க ஒதுங்கப் பயத்துக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மூன்றாம் தரம், கண்ணை மூடி, விபத்தை இப்போது நடக்கிற மாதிரிச் சொல்லச் சொன்னா. அதைப் போனில் பதிந்து வீட்டில் தினமும் கேட்க வேண்டும். அந்தக் கிழமை ஒரு நாள்தான் கேட்டேன், மிஸ்ஸிடம் பொய் சொன்னேன். ஐந்தாம் தரம் சொல்லும்போதுதான் மடியில் இருந்த இடியப்பப் பார்சல் ஞாபகம் வந்தது. சொதிப் பை வெடித்து மடியெல்லாம் சூடாக ஓடியது. இரத்தம் என்று நினைத்தேன். செத்துப் போகிறேன் என்று நினைத்தது அப்போதுதான். வீட்டில் சொதி கொதித்தால் நான் ஏன் பல்கனிக்குப் போய் நிற்கிறேன் என்று அதுவரை எனக்கே விளங்கவில்லை. வெளியே கரையோர ரயில் ஒன்று போனது. அது போய் முடியும்வரை மிஸ் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த இடத்தை இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றா.

பிறகு வெளிவேலை. பஸ் நிறுத்தத்தில் பத்து நிமிஷம் சும்மா நிற்பது, அவரோடு ஒரு நிறுத்தம் மட்டும் போவது, கடைசியாகத் தனியே பம்பலப்பிட்டி வரை. ஒவ்வொரு முறையும் பயம் நூற்றுக்கு எத்தனை என்று கொப்பியில் எழுத வேண்டும். பஸ் பயம் 90இல் தொடங்கி இப்போது 35.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஒன்றைக் குறைப்பது வரவேற்பில் இருக்கிற பிள்ளைக்காக. முழுப்பெயரைச் சத்தமாகக் கூப்பிடுகிறா. வெள்ளவத்தையில் தும்மினால் கனடாவில் இருக்கிற மாமிக்குத் தெரிந்துவிடும், தெரியாதா? தமிழில் கதைக்கிறவர் கிழமைக்கு இரண்டு நாள்தான், சனிக்கிழமை இல்லை. ஒரு தரத்துக்கு 3500 ரூபா. கட்டுப்படியாகாதவர்கள் அரச ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குப் போகலாம், காசில்லை. நடுச்சாமத்தில் தாங்க முடியாவிட்டால் 1926க்கு எடுங்கள். அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், 24 மணித்தியாலமும் ஆள் இருக்கும்.

இடியப்பத்துக்கு இன்னும் சம்பல்தான். சொதி 60இல் நிற்கிறது.