பத்து ரூபாய்க்குக் காட்டின் கணக்கு: ஆர்டிஐ அனுப்பும் வழிகள், கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு ஒரு மதிப்புரை

மலை முகட்டுக்கு இந்தப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம், அந்தப் பக்கம் கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகம். காடு ஒன்றுதான். பணம் வரும் இடங்கள் மூன்று: சென்னை, திருவனந்தபுரம், டெல்லி. ரோந்துக்கு ஆள் போதவில்லை, வேட்டைத் தடுப்புக் காவலருக்குச் சம்பளம் பாக்கி என்று கம்பத்திலோ குமுளியிலோ யார் சொன்னாலும் அது வாய்ப்பேச்சாகவே போய்விடுகிறது. அதை அரசுக் காகிதத்திலேயே வாங்கித் தருவது 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம், சுருக்கமாக ஆர்டிஐ. கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் சான்று இணைத்தால் அதுவும் இல்லை. மனுவை எந்த வழியில் அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்து வேலை எளிதாகும், அல்லது இழுத்தடிக்கும்.

முதலில் மத்திய அரசின் ஆர்டிஐ ஆன்லைன் தளம். டெல்லியில் உள்ள தேசியப் புலிகள் காப்பு ஆணையத்தைக் கேட்க இதுவே சிறந்தது. கார்டிலோ யுபிஐயிலோ பணம் கட்டியதும் பதிவு எண் வந்துவிடும், முதல் மேல்முறையீட்டையும் அங்கேயே போடலாம். குறை மொழியில். கேள்வி எழுதும் பெட்டி 3,000 எழுத்துதான் ஏற்கும், அதுவும் ஆங்கில எழுத்துகளை மட்டும். சட்டத்தின் 6(1) பிரிவு அந்தந்தப் பகுதியின் ஆட்சிமொழியிலும் மனு எழுத இடம் தரும்போது தளம் தமிழை ஏற்காதது பெரிய குறை. தமிழ் மனுவை 1 எம்பிக்குள் பிடிஎஃப் ஆக்கி இணைத்து, பெட்டியில் ‘மனு இணைப்பில்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி போடுவது மாற்றுவழி. கோப்பின் பெயரில் இடைவெளி இருக்கக் கூடாது. இன்னொன்று: மாநில வனத்துறைக்கான கேள்வியை இங்கே போட்டால் மனு திரும்பும், 10 ரூபாய் திரும்பாது.

தமிழ்நாட்டுக்குத் தனி ஆர்டிஐ தளம் உண்டு. இருந்தாலும் வனக் கோட்ட அளவிலான கேள்விக்குத் தபாலே மேல். வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்பு ஒட்டி, ‘பொதுத் தகவல் அலுவலர், துணை இயக்குநர் அலுவலகம்’ என்று நேராக அந்த மேசைக்கே அனுப்பலாம். அலுவலகம் மாறிப் போனாலும் 6(3) பிரிவின்படி 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே மாற்ற வேண்டும். ஸ்பீட் போஸ்ட் ரசீதையும் மனு நகலையும் சேர்த்து வையுங்கள். அவர்கள் பதில் தர வேண்டிய 30 நாள் கணக்கு, மனு அங்கே போய்ச் சேர்ந்த தேதியிலிருந்து ஓடுகிறது, அந்தத் தேதிக்கு ஆதாரம் வேண்டும்.

கேரளப் பக்கம் கேட்கத் தமிழ்நாட்டு ஸ்டாம்பு செல்லாது, கேரள விதிகளில் போஸ்டல் ஆர்டரும் இல்லை. டிடி எடுத்தால் கமிஷன் கட்டணத்தைவிட அதிகமாகிவிடும். ஆகவே கேரள அரசின் ஆர்டிஐ தளமே வசதி. தேவிகுளம், பீர்மேடு வட்டத் தமிழர்கள் தமிழிலேயே எழுதலாம். தமிழ்ச் சிறுபான்மையினருக்குக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் அந்த உரிமையைத் தந்திருக்கிறது.

எந்த வழியில் போனாலும் மனு தோற்பது பெரும்பாலும் கேள்வியின் வடிவத்தால்தான். ‘ஏன் ஆள் போடவில்லை?’ என்று கேட்டால் ‘விளக்கம் தகவல் ஆகாது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எண்ணிக்கையும் தேதியும் கேளுங்கள். இப்படி:

‘மேகமலைக் கோட்டத்தில், 31.12.2025 அன்று உள்ளபடி, சரகவாரியாக வனவர், வனக்காப்பாளர், வனக்காவலர் பதவிகளில் ஒப்பளிக்கப்பட்ட பணியிடம், நிரப்பப்பட்டது, காலியிடம் ஆகியவற்றின் எண்ணிக்கை தருக.’

பணக் கேள்வியில் தேதிதான் உயிர். புலிகள் திட்டத்தில் ஆண்டுதோறும் வரும் செலவை மத்திய அரசும் மாநிலமும் பாதிப்பாதியாகவும், ஒருமுறைச் செலவை 60:40 ஆகவும் ஏற்கின்றன. காப்பகத்துக்கு ஒப்புதலான ஆண்டுச் செயல் திட்டத் தொகை எவ்வளவு, மத்தியப் பங்கு எந்தத் தேதியில் விடுவிக்கப்பட்டது என்று டெல்லியில் கேளுங்கள். அந்தத் தொகையும் மாநிலப் பங்கும் காப்பகக் கணக்குக்கு எந்தத் தேதியில் வந்தன, பயன்பாட்டுச் சான்று (வந்த பணத்தைச் செலவழித்ததற்கான சான்று) எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது என்று இங்கே கேளுங்கள். இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பணம் டெல்லியில் நின்றதா, சென்னையில் நின்றதா, இங்கிருந்து சான்று போகாததால் நின்றதா என்று தெரிந்துவிடும். இந்த ஒப்பீடு இல்லாவிட்டால் ஒவ்வொரு அலுவலகமும் அடுத்ததைக் கை காட்டும்.

தீயைப் பற்றியும் தனி மனு வேண்டும். 2018 மார்ச் 11 குரங்கணித் தீக்குப் பிறகு போடி மலையடிவாரத்தில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. சரகவாரியாக எத்தனை கிலோமீட்டர் தீத்தடுப்புக் கோடு வெட்டப்பட்டது, தொடங்கிய தேதி, முடித்த தேதி, தீக்காவலர் எத்தனை பேர், எத்தனை நாள். நகல் கேட்டால் பக்கத்துக்கு 2 ரூபாய். கோப்பு பெரிதென்றால் 2(ஜே) பிரிவின் கீழ் நேரில் பார்வையிடக் கேளுங்கள், முதல் ஒரு மணி நேரம் இலவசம்.

ஊழியர் பெயர், விடுப்பு, தனிப்பட்ட சம்பளப் பட்டியல் கேட்காதீர்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தால், தனிப்பட்ட தகவலை மறுக்க இடம் தரும் 8(1)(ஜே) பிரிவு திருத்தப்பட்டபின் அதைச் சொல்லியே மறுக்க முடியும். ரோந்துப் பாதையையும் முகாம் இருப்பிடத்தையும் கேட்கவே கூடாது. அந்தக் காகிதம் வேட்டைக்காரன் கைக்குப் போனால் நாம் காக்க நினைத்த காட்டுக்கே கேடு.

30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் சரியாகவில்லையென்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். கெடு தாண்டி வரும் தகவலுக்கு நகல் கட்டணம் கேட்க முடியாது, 7(6) பிரிவைச் சுட்டிக் காட்டுங்கள். ஆனால் 30 நாளுக்குள்ளேயே நகல் கட்டணக் கடிதம் வந்துவிட்டால், நீங்கள் பணம் கட்டும் வரை நாள் கணக்கு நின்றுவிடும். பலர் தவறவிடுவது இதைத்தான்.

மனுவை அக்டோபருக்குள் அனுப்பினால் ஒரு மேல்முறையீடு போனாலும் பட்ஜெட்டுக்கு முன் பதில் கையில் இருக்கும். ஜனவரி 26 கிராம சபையில் காலியிட எண்ணிக்கையைத் தீர்மானத்திலேயே எழுதச் சொல்லி, நகல் வாங்கி, எம்எல்ஏவிடம் கொடுங்கள். துறைவாரியாக நிதி ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் அவர் சட்டமன்றத்தில் எழுந்து கேட்க அந்த ஒரு எண் போதும். சட்டமன்ற மனுக்கள் குழு மாவட்டத்துக்கு வரும் அறிவிப்பு வந்தால், தமிழில் 5 பிரதி, ஒரு மனுவில் ஒரு பொருள், ஒரு துறை. காலியிடத்தையும் தீத்தடுப்பு நிதியையும் ஒரே மனுவில் சேர்க்காமல் தனித்தனியாகக் கொடுங்கள்.