மோரியால்ட்டாவில் ஆறு வருஷம் ஓடிய அனுபவம்: மூன்று அருவிகளும் அவற்றுக்கு நடுவில் இருக்கும் ஏற்றங்களும்

மோரியால்ட்டா கன்சர்வேஷன் பார்க்கில் வாரம் ஒருமுறையாவது ஓட ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகிறது. அதற்குள் நான்கு ஜோடி ஷூ தேய்ந்துவிட்டது. ஒருமுறை கணுக்கால் பிசகி இரண்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மழையில் வழி தவறி இருட்டிய பிறகு இறங்கியதும் உண்டு. இருந்தும் சனிக்கிழமை விடிந்தால் அங்கேதான் போகிறேன். ஒரு தடவை போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தவர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள், ஆனால் அதே பாதையில் வெயில், மழை எல்லாம் பார்த்துத் திரும்பத் திரும்ப ஓடியவர்கள் எழுதியது எனக்கு அதிகம் கிடைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இடம் தெரியாதவர்களுக்கு: ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகர மையத்திலிருந்து வடகிழக்கே சுமார் 10 கிலோமீட்டர். வீடுகள் முடிகிற இடத்திலேயே மலை தொடங்கிவிடும். ஃபோர்த் கிரீக் என்ற ஓடை அந்த மலையை அறுத்துக்கொண்டு வந்து கடைசியில் டோரன்ஸ் ஆற்றில் சேர்கிறது. வரும் வழியில் மூன்று இடங்களில் பாறையிலிருந்து விழுகிறது. முதல் அருவி, இரண்டாம் அருவி, மூன்றாம் அருவி என்பதுதான் அவற்றுக்குப் பெயரே, கீழிருந்து மேலாக எண்ணிக்கொண்டு போக வேண்டும். இது இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான கௌர்னா மக்களின் மண். மோரியால்ட்டா என்ற பெயரும் ஓடும் நீரைக் குறிக்கிற கௌர்னா சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். ஜான் ஸ்மித் ரீட் என்பவர் 1911-ல் தன் நிலத்தில் ஒரு பகுதியைப் பொதுமக்களுக்காகத் தர முன்வந்தார், 1915-ல் இதை உல்லாசப் பூங்காவாக அறிவித்தார்கள், 1972 முதல் கன்சர்வேஷன் பார்க் என்ற பெயர். நூறு வருஷத்துக்கு மேல் ஜனங்கள் நடந்து இறுகிய மண் என்பதால் முக்கியப் பாதைகளில் தரை கெட்டியாகவே இருக்கும், சிக்கல் எல்லாம் அதன் மேல் உருண்டு கிடக்கும் சரளைக்கல்தான்.

புதிதாக வருகிறவர்கள் முதல் அருவிப் பாதையோடு நிறுத்திக்கொண்டாலும் தப்பில்லை. போகவர 2 கிலோமீட்டர், ஓடையை ஒட்டியே போகும், ஏற்றம் பெயருக்குத்தான். இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர்கள் நெருங்கி வந்து கடைசியில் அருவியின் காலடியில் போய் நிற்கும். நான் இதை உடம்பு சூடாவதற்கு மட்டும் ஓடுகிறேன். ஞாயிறு ஒன்பது மணிக்கு மேல் இங்கே ஓடவே முடியாது, குழந்தைகள், தள்ளுவண்டிகள், மரத்தில் கோலா இருந்தால் அதன் அடியில் ஒரு கூட்டம். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், பூங்கா எல்லோருக்கும்தான். ஏழு மணிக்கே வந்துவிட்டால் கூக்கபரா பறவையின் சத்தமும் நம் காலடிச் சத்தமும் மட்டும்தான். வசந்த காலத்தில் ஆண் கோலா உறுமுவதை முதன்முதலாகக் கேட்டபோது ஏதோ பன்றி புதருக்குள் இருக்கிறது என்று நினைத்துப் பயந்து நின்றுவிட்டேன். அத்தனை சாதுவான உருவத்திலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்.

உண்மையான ஓட்டம் அதற்கு மேலேதான். மூன்று அருவிகளையும் சேர்த்து ஒரு சுற்று இருக்கிறது, 7.3 கிலோமீட்டர். நடப்பவர்களுக்கு அரை நாள் வேலை. என் கைக்கடிகாரம் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 300 மீட்டர் ஏற்றம் காட்டும், அதில் பெரும்பகுதி ஆரம்பத்திலேயே வந்துவிடும் என்பதால் மூச்சை முதல் இருபது நிமிஷத்தில் செலவழித்துவிட்டால் மீதிச் சுற்று முழுக்கச் சித்திரவதைதான். நான் தார்ச்சாலையில் ஓடிப் பழகியவள். கிலோமீட்டருக்கு ஆறு நிமிஷம் என்ற கணக்கை மண்டைக்குள் வைத்துக்கொண்டு முதல் மாதம் முழுக்க இந்த ஏற்றத்தில் ஓடித்தான் ஏறினேன், மேலே போய்ச் சேரும்போது காதில் நெஞ்சு அடிக்கும், ஆடுசதை கல்லாகிவிடும், அருவியை நிமிர்ந்து பார்க்கக்கூட மனசு இருக்காது. கூட வரும் தங்கை ஒருத்தி (என் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், என்னைவிடப் பத்து வயசு சின்னவள்) ஒருநாள் பாதி வழியில் நின்று, "அக்கா, நடந்தே ஏறுவோம். மேலே போய் நல்லா ஓடலாம்" என்றாள். சரி என்று நடந்தோம். கைகளைத் தொடையில் ஊன்றி, சின்னச் சின்ன எட்டாக வைத்து, மூச்சு வாங்காத வேகத்தில். அன்றைக்கு மொத்த நேரம் நான்கு நிமிஷம் குறைந்தது. அதற்கப்புறம் செங்குத்தான எந்த ஏற்றத்திலும் நான் ஓடியதில்லை. கிலோமீட்டருக்கு இத்தனை நிமிஷம் என்று காட்டும் திரையையே கடிகாரத்திலிருந்து எடுத்துவிட்டு, நாடித்துடிப்பும் கடந்த நேரமும் மட்டும் தெரிகிற மாதிரி மாற்றிக்கொண்டேன். இந்தப் பூங்காவில் ஓடப் போகிறவர்களிடம் முதலில் சொல்வது இதைத்தான்.

மேலே ஏறியபின் பாதை மேடும் பள்ளமுமாக யூக்கலிப்டஸ் மரங்களுக்கு நடுவே போகும். இந்தப் பகுதிதான் எனக்கு உயிர். இரண்டாம் அருவிக்கு முன்னால் பள்ளத்தாக்கை எட்டிப் பார்க்கும் இடங்களில் நின்றால் முதலில் தண்ணீர் சத்தம், அப்புறம்தான் தண்ணீர். மூன்றாம் அருவி உயரத்தில் சின்னது, ஆனால் அவ்வளவு தூரம் வருகிறவர்கள் குறைவு, அங்கே ஒரு பாறையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பும் ஐந்து நிமிஷத்துக்காகவே நான் முழுச் சுற்றும் ஓடுவேன்.

இறக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கணுக்கால் பிசகியது இறக்கத்தில்தான். ஜூலை மாதம், மழை விட்ட மறுநாள். பாறைமேல் பாசி இருக்கும் என்று அங்கே பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தவள், அதைத் தாண்டியதும் மண் பாதைதானே என்று வேகம் எடுத்தேன். அங்கே உலர்ந்த சரளைக்கல் தாழ்வாரத்தில் கொட்டிய மிளகு மாதிரி உருண்டது. நீளமாக எட்டு வைத்துப் பின்னால் சாய்ந்துகொண்டு இறங்கியதுதான் காரணம் என்று பிறகு புரிந்தது. குதிகால் முன்னால் போய் ஊன்றும்போது கல் உருண்டால் பிடிமானமே இருக்காது. இப்போது உடம்பைச் சற்று முன்னால் வைத்து, எட்டைக் குறுக்கி, கால்களை வேகமாக மாற்றி மாற்றி வைக்கிறேன், பார்வை பாதத்தின் மேல் இல்லாமல் நாலைந்து எட்டு தள்ளி இருக்கும். மரத்திலிருந்து உரிந்து விழுந்த பட்டைக் கீற்றுகளின் மேல் மிதிக்கவே மாட்டேன், அவை அப்படியே வழுக்கிக்கொண்டு போய்விடும். செங்குத்தான பக்கம் ஏறி, சாய்வான பக்கம் இறங்குவது என்று சுற்றின் திசையையும் தீர்மானித்துவிட்டேன். முட்டி வலி அதோடு போனது.

எப்போது வருவது என்று கேட்பவர்களுக்கு ஒரு வசதியான கணக்கு உண்டு. குற்றாலத்தில் சீசன் எப்போதோ ஏறக்குறைய அப்போதுதான் இங்கும் சீசன். அங்கே தென்மேற்குப் பருவமழை, இங்கே தெற்கத்திக் குளிர்காலத்து மழை, காரணம் வேறு, மாதங்கள் ஒன்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை நல்ல மழை பெய்து இரண்டு மூன்று நாளில் வந்தால் மூன்று அருவியும் நிறைந்து விழும். ஆனால் அடியில் போய்த் தலையைக் கொடுத்து நிற்கும் அருவி இது இல்லை, பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும். ஆகஸ்டில் வாட்டில் மரங்கள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும்போது ஓடுவது தனி சுகம். ஜனவரியில் வந்தால் பாறையில் ஈரக்கறைகூட இருக்காது, முதல் தடவை கோடையில் உறவினர்களை அழைத்து வந்து ஏமாற்றியிருக்கிறேன்.

கோடை என்றதும் தீயைச் சொல்லாமல் விட முடியாது. அடிலெய்டில் 2019 ஜனவரி 24 அன்று 46.6 டிகிரி பதிவானது. அந்த அளவு இல்லாவிட்டாலும் 40-ஐத் தொடும் நாட்கள் அநேகமாக ஒவ்வொரு வருஷமும் உண்டு. தீ அபாய அளவை மாடரேட், ஹை, எக்ஸ்ட்ரீம், கட்டாஸ்ட்ராஃபிக் என்று நான்கு படியாகச் சொல்கிறார்கள், 2022 செப்டம்பரிலிருந்து இந்த முறை. கட்டாஸ்ட்ராஃபிக் நாளில் பூங்காவை மூடிவிடுவார்கள். எக்ஸ்ட்ரீம் என்றாலே நான் கிளம்புவதில்லை. யூக்கலிப்டஸ் காட்டில் தீ ஏற்றத்தில் எத்தனை வேகமாக ஏறும் என்று தெரிந்த யாரும் அன்றைக்கு இந்தப் பள்ளத்தாக்குக்குள் இருக்க ஆசைப்பட மாட்டார்கள். முந்தின நாள் இரவே அறிவிப்பைப் பார்த்துவிடுவது என் பழக்கம்.

பாம்பு உண்டு. ஆறு வருஷத்தில் ஐந்து முறை பார்த்திருக்கிறேன், எல்லாமே அக்டோபருக்குப் பிறகு, வெயில் ஏறும் நேரத்தில், பாதையின் நடுவில். ஈஸ்டர்ன் பிரவுன் என்ற பழுப்புப் பாம்பு கடுமையான விஷம் உள்ளது. நின்று வழி விட்டால் அதுவே போய்விடும், நான் பார்த்த ஐந்தும் அப்படித்தான் போயின. ஆனாலும் அகலமான எலாஸ்டிக் பேண்டேஜ் இரண்டு என் முதுகுப்பையில் எப்போதும் இருக்கும். கடித்தால் கடிவாயைக் கழுவக்கூடாது, கீறக்கூடாது. கடிபட்ட கையையோ காலையோ முழுக்க பேண்டேஜால் இறுக்கிச் சுற்றி, அசையாமல் வைத்து, 000 என்ற அவசர எண்ணுக்கு அழைக்க வேண்டும். பள்ளத்தாக்கின் அடியில் பல இடங்களில் எனக்கு சிக்னல் கிடைத்ததில்லை, அதனால் தனியாகப் போகும் நாளில் எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டே போகிறேன். குளிர்காலத்தில் ஐந்தேகால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், பாறைச் சுவர்களுக்கு நடுவில் அதற்கு முன்பே இருட்டிவிடும். நெற்றி விளக்கு இல்லாமல் போன அந்த ஒரே மாலையில், கைபேசி வெளிச்சத்தில் ஒரு கிலோமீட்டர் இறங்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

ஷூவுக்கு அடியில் 4, 5 மில்லிமீட்டர் பற்கள் இருந்தால் போதும், அதற்கு மேல் ஆழமான பற்கள் காய்ந்த பாறையில் தடுக்குகின்றன. ஓடி முடித்ததும் அந்தப் பற்களுக்குள் ஒட்டிய மண்ணைத் துலக்கிவிடுங்கள், வேறொரு பூங்காவுக்கு அதே ஷூவோடு போவதற்கு முன்னால் கண்டிப்பாக. ஃபைட்டாப்தோரா என்ற நோய்க்கிருமி ஈரமண்ணோடுதான் பரவுகிறது, வேரை அழுகவைத்து செடிகளைக் கொல்லும், யாக்கா என்கிற புல்மரமும் அதற்குத் தப்பாது. அந்த மரம் மிக மெதுவாக வளரும். என் இடுப்பு உயரத்துக்கு நிற்கும் ஒன்றுக்கு எத்தனை வயசு இருக்கும் என்று யோசித்தாலே ஷூவைத் துடைக்காமல் காரில் ஏற மனசு வராது.

குறை என்றால் கூட்டம்தான். வசந்த கால விடுமுறை நாட்களில் கார் நிறுத்த இடம் கிடைக்காது, முதல் அருவிவரை ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப ஓடினால் அலுக்காதா என்று கேட்கிறார்கள். எனக்கு அலுக்கவில்லை, ஓடை ஒவ்வொரு வாரமும் வேறு அளவில் இருக்கிறது.

நீளமாக ஓட ஆசைப்படுகிறவர்களுக்கு யூரபில்லா டிரெயில் இதே பூங்காவுக்குள்தான் போகிறது. பெலேரில் தொடங்கி கிளீலண்ட் வழியாக வந்து பிளாக் ஹில் பக்கம் முடியும், மொத்தம் 54 கிலோமீட்டர். இந்த மலைத்தொடரையே கௌர்னா மக்கள் படுத்துக் கிடக்கும் ஒரு பெருவீரனின் உடலாகப் பார்க்கிறார்கள், மவுண்ட் லாஃப்டியும் மவுண்ட் போனித்தனும் அவனுடைய காதுகள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த முகட்டைத் தூரத்திலிருந்து பார்ப்பதே மாறிவிட்டது எனக்கு. துண்டு துண்டாகப் பாதிக்கு மேல் ஓடியாயிற்று. வரும் ஆகஸ்டில் மவுண்ட் லாஃப்டியிலிருந்து மோரியால்ட்டாவரை ஒரே மூச்சில் வந்துவிட வேண்டும் என்று அந்தத் தங்கையும் நானும் பேசி வைத்திருக்கிறோம், ஒரு காரை இந்தப் பக்கம் முந்தின நாளே கொண்டுவந்து விட வேண்டும், அதற்கு மட்டும் இன்னும் ஆள் பார்க்கவில்லை.