உடன்பிறந்தவரைப் படிக்க வைத்தவர்: ‘டொமினிக் அண்ட் யூஜீன்’

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் குப்பை அள்ளும் வேலை செய்கிற நிக்கிக்கும், அந்தச் சம்பளத்தின் துணையோடு மருத்துவம் படிக்கிற ஜீனோவுக்கும் வயது 26. இருவரும் இரட்டையர்கள்; பெற்றோர் இல்லை. நிக்கிக்கு அறிவுசார் குறைபாடு உண்டு. 1988-ஆம் ஆண்டு ராபர்ட் எம். யங் இயக்கத்தில் வெளிவந்த ‘டொமினிக் அண்ட் யூஜீன்’ இவர்களுடைய கதை. டொமினிக் என்ற பெயரின் செல்லச் சுருக்கம்தான் நிக்கி, யூஜீன் வீட்டில் ஜீனோ; பிரிட்டனில் படம் ‘நிக்கி அண்ட் ஜீனோ’ என்ற பெயரிலேயே வெளியானது. நிக்கியை நான் ‘அவர்’ என்றே எழுதப்போகிறேன். நம் ஊரில் இத்தகைய குறைபாடு உள்ளவருக்கு நரை விழுந்த பிறகும் ‘அவன்’ என்றுதான் சொல்கிறோம், அவர் முன்னாலேயே சொல்கிறோம்.

இந்தப் படத்தை நான் காங்கேயத்தில் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் மடிக்கணினியில் பார்த்தேன். பக்கத்தில் பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணன், உட்கார்ந்திருந்தார். அவருக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்க வராது, நூறு ரூபாய்க்கு மேல் கணக்குப் பிடிபடாது. ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தேங்காய்ப் பருப்புக் களத்தில் வேலை செய்கிறார். உடைத்த தேங்காயை வெயிலில் பரப்புவதும், காய்ந்தபின் சிரட்டையிலிருந்து பருப்பை நெம்பி எடுப்பதும், மேற்கே இருட்டிக்கொண்டு வந்தால் மற்றவர்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் தார்ப்பாயை இழுத்து மூடுவதும் அவருடைய வேலை. படத்தில் ஒரு வாக்கியம்கூட அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் நிக்கியின் நாய் ஃப்ரெட் வரும்போதெல்லாம் அவர் முகம் மலர்ந்தது. அந்த நாய் வண்டியில் அடிபட்டு இறந்த பிறகு, கதை வேறிடத்துக்குப் போய் வெகுநேரம் ஆகியும், “ஏஞ் சாமி, அந்த நாயி எங்க போச்சு?” என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

நிக்கியாக நடித்திருப்பவர் டாம் ஹல்ஸ். 1984-இல் ‘அமேடியஸ்’ படத்தில் மோட்சார்ட்டாக வந்தவர் என்றால் பலருக்கு நினைவு வரும். இத்தகைய பாத்திரம் கையில் கிடைத்தால் நடிகர்கள் வாயைக் கோணி, தலையைச் சாய்த்து, குழந்தைக் குரலை வரவழைத்துக்கொள்வதை நாம் தமிழிலும் பிற மொழிகளிலும் நிறையப் பார்த்துவிட்டோம். ஹல்ஸ் அந்த வழியில் போகவில்லை. நிக்கியின் பேச்சு சற்று முந்திக்கொண்டு ஓடுகிறது, எதிரில் இருப்பவர் சொன்னதை உள்ளே வாங்கிக்கொள்ள அவருக்கு ஒரு நொடி கூடுதலாகத் தேவைப்படுகிறது, அந்த ஒரு நொடியில் கண்கள் எதிராளியின் முகத்தைவிட்டு அகலாமல் நிற்கின்றன. இவர் சொல்வது நல்லதா கெட்டதா என்று முகத்திலிருந்தே தெரிந்துகொள்ளப் பழகியவரின் பார்வை அது. எங்கள் அண்ணனிடம் நான் சிறுவயதிலிருந்து பார்த்து வரும் பார்வை. இந்த நடிப்புக்காக ஹல்ஸுக்கு கோல்டன் குளோப் பரிந்துரை கிடைத்தது. ஆஸ்கர் பரிந்துரை கிடைக்கவில்லை.

படம் கவனிக்கப்படாமல் போனதற்கு ஒரு காரணம் காலம். இது வெளியானது 1988 மார்ச் மாதம். அதே ஆண்டு டிசம்பரில் ‘ரெயின் மேன்’ வந்தது, அதுவும் இரண்டு சகோதரர்களின் கதை. சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர் விருதுகளைப் பெற்று உலகம் முழுவதும் பேசப்பட்டது. அந்தப் படத்தின் மீது எனக்குக் குறையில்லை. ஆனால் அதில் வரும் அண்ணனுக்கு வியக்கவைக்கும் நினைவாற்றல் உண்டு, சீட்டுக்கட்டை மனத்தில் எண்ணிச் சூதாட்டத்தில் பணம் குவித்துத் தருகிறார். நிக்கிக்கு அப்படி எந்த அதிசயத் திறமையும் கிடையாது. அவருக்குத் தெரிந்தது குப்பை அள்ளுவது, சம்பளத்தை வீட்டுக்குக் கொண்டுவருவது, ஹல்க் படக்கதைகளைத் திரும்பத் திரும்பப் புரட்டுவது, நேசிப்பவர்களை முழுதாக நேசிப்பது. குறைபாடுள்ள மனிதரை நாம் மதிப்பதற்கு அவரிடம் ஓர் அற்புதம் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையை இந்தப் படம் விதிக்கவில்லை. பெரும்பாலான குடும்பங்களில் இருப்பவர்கள் நிக்கியைப் போன்றவர்கள்தாம்.

பணத்தைப் பற்றி இந்தப் படம் ஒளிவுமறைவின்றிப் பேசுவது என்னை வெகுவாகப் பாதித்தது. ஜீனோவின் படிப்பு நிக்கியின் உழைப்பின் மீது நிற்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஜீனோ ஒரு தியாகி. பாவம், படிப்பையும் பார்த்துக்கொண்டு இவரையும் பார்த்துக்கொள்கிறார் என்றுதான் தோன்றும். பார்த்துக்கொள்வது உண்மைதான், ஆனால் வீட்டில் சம்பாதிப்பவர் நிக்கி. நான் கோவையில் கல்லூரி விடுதியில் இருந்த நான்கு ஆண்டுகளும், ஊருக்கு வந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மாலை திரும்பும்போதெல்லாம், அண்ணன் பேருந்து நிறுத்தம் வரை வந்து, சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஐம்பது ரூபாய்த் தாளை எடுத்து என் கையில் வைத்து அழுத்துவார். களத்தில் அவருக்கு மற்ற ஆட்களின் கூலியில் பாதிதான் கொடுத்தார்கள். கேட்கப் போனால் அந்த வேலையும் போய்விடும் என்று பெரியம்மா வாயைத் திறந்ததில்லை. அந்தப் பாதிக் கூலியிலிருந்து வந்த ஐம்பது ரூபாய் அது. ‘அவனுக்குக் கொடுக்கப் பிடிக்கும், வாங்கிக்கொள்’ என்று வீட்டில் சொன்னார்கள், நானும் வாங்கிக்கொண்டேன். அதை உதவி என்றோ, திருப்பிச் செலுத்த வேண்டிய கடன் என்றோ இந்தப் படத்தைப் பார்க்கும் வரை நான் நினைத்ததே இல்லை.

1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 18 வயது கடந்த அறிவுசார் குறைபாடு உடையவருக்குச் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு குழு இருக்கிறது. பெரியப்பா இறந்த பிறகு அந்த விண்ணப்பத்துக்காக வீட்டில் உறவினர்கள் கூடியபோது, இனி இவரை யார் வைத்துக்கொள்வது என்று இரண்டு மணி நேரம் பேசினோம். பேசிக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவர் அண்ணன்தான். பாதுகாவலர் வேண்டும், சட்டம் அவசியமானது, அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஜீனோவாக நடித்திருக்கும் ரே லியோட்டா முகத்தில் கொண்டுவரும் சங்கடத்தைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கூட்டம்தான் நினைவுக்கு வந்தது. மேற்பயிற்சிக்காக ஸ்டான்ஃபோர்டு போகும் வாய்ப்பு ஜீனோவுக்குக் கிடைக்கிறது. இரண்டு ஆண்டுகள் பிரிந்திருக்க வேண்டும். அதை நிக்கியிடம் சொல்ல முடியாமல் அவர் நாளைக் கடத்துகிறார். நிக்கி தாங்கமாட்டார் என்ற பயம் ஒரு பங்கு என்றால், நிக்கி இல்லாமல் தான் யார் என்று தெரியாத பயம் இன்னொரு பங்கு. லியோட்டா இதை வசனத்தில் சொல்வதில்லை. எரிச்சலாக வெளிப்படுத்துகிறார், உடனே அந்த எரிச்சலுக்காகக் கூசுகிறார்.

முடிவை முன்கூட்டி அறிய விரும்பாதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு மேலே படிக்கலாம்.

நிக்கி குப்பை எடுக்கும் ஒரு வீட்டில் மைக்கி என்ற சிறுவன் இருக்கிறான். நிக்கியோடு நட்பாகிறான். அவனை அவன் தந்தை அடிக்கிறார். ஒருநாள் அவர் பையனை மாடிப்படியில் தள்ளிவிடுவதை நிக்கி பார்த்துவிடுகிறார், பையன் இறந்துபோகிறான். அந்த வீட்டிலிருக்கும் கைக்குழந்தைக்கும் அதே கதி நேரக்கூடாதென்று நிக்கி அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார், காவல்துறை சூழ்ந்துகொள்கிறது. அவரிடம் பேச உள்ளே செல்லும் ஜீனோ, இத்தனை ஆண்டுகள் மறைத்த உண்மையை அப்போதுதான் சொல்கிறார். நிக்கியின் குறைபாடு பிறப்பிலோ விபத்திலோ வந்ததன்று. தந்தையின் அடியிலிருந்து ஜீனோவைக் காப்பாற்றக் குறுக்கே நின்றதால் வந்தது. இதைக் கேட்ட பிறகு படத்தின் முற்பகுதி முழுவதும் வேறாகத் தெரிகிறது. கோபம் வந்தால் மனிதன் வேறு உருவெடுத்துவிடுகிற ஹல்க் கதையில் நிக்கிக்கு ஏன் அவ்வளவு ஈடுபாடு, முகங்களை ஏன் அப்படிக் கவனிக்கிறார், தன்னுடைய கோபத்தைக் கண்டு ஜீனோ ஏன் நடுங்குகிறார் என்பதெல்லாம் ஒன்றோடொன்று சேர்கின்றன. மற்றவர்கள் காணத் தவறிய அடியை நிக்கி கண்டுகொண்டதற்கு, அது அவர் உடம்புக்கு ஏற்கெனவே தெரிந்த அடி என்பதே காரணம்.

குறைகள் இல்லாமல் இல்லை. காவல்துறை சூழும் பகுதி, அதற்கு முன்பிருந்த நிதானத்துக்குப் பொருந்தாத பரபரப்போடு எடுக்கப்பட்டிருக்கிறது. ஜேமி லீ கர்ட்டிஸ் ஏற்றிருக்கும் ஜெனிஃபர், ஜீனோவின் காதலியாக வந்துபோகிறாரே தவிர, அவருக்கென்று தனி வாழ்க்கை எதையும் திரைக்கதை தரவில்லை. குழந்தையின் மரணம் இருப்பதால் சிறுவர்களோடு சேர்ந்து பார்க்க ஏற்ற படமும் அன்று.

ஜீனோ ஸ்டான்ஃபோர்டு போகிறார், நிக்கி தன் ஊரிலேயே தன் வேலையோடு தங்குகிறார். உறவு முறை பார்த்துக் கூடி வாழும் நம் பக்கத்தில் இந்த முடிவை ஏற்பது கடினம், கைவிட்டுவிட்டான் என்றுதான் சொல்வார்கள்; நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் படத்தை இரண்டாம் முறை பார்த்தபோது, பிரிவதற்கு முன் உண்மையை முழுதாகச் சொல்லி, நிக்கியை அதைத் தாங்கக்கூடிய மனிதராக நடத்தியிருக்கிறார்கள் என்பது தெரிந்தது. தெரு அவருக்குத் தெரியும், தெருவுக்கும் அவரைத் தெரியும். எங்கள் அண்ணனும் காங்கேயத்தை விட்டு என்னோடு கோவைக்கு வரச் சம்மதிக்கவில்லை. அவரை அழைத்துப்போவதுதான் என் கடமை என்று நான் இரண்டு ஆண்டுகளாக வாதாடிக்கொண்டிருந்தேன். படம் பார்த்த மறுநாள் அந்தப் பேச்சை எடுக்காமல், காலை ஏழு மணிக்கு அவரோடு களம் வரை நடந்துபோய், மற்ற ஆட்களுக்கு என்ன கூலியோ அதையே அவருக்கும் தர வேண்டும் என்று உரிமையாளரிடம் கேட்டேன்.