ராட்வி: ரேடியான் அட்டைகளுக்கான திறந்த மூல இயக்கி

லினக்ஸ் கணினியில் வல்கன் (விளையாட்டுகள் வரைகலை அட்டையோடு பேசுவதற்கான பொது இடைமுகம்) வழி ஓடும் விளையாட்டுகளை இயக்க நான் அன்றாடம் நம்பியிருப்பது, திறந்த மூல வரைகலை இயக்கிகளின் தொகுப்பான மேசா திட்டத்தின் அங்கமான ராட்வி இயக்கியைத்தான். ரேடியான் வரைகலை அட்டைகளைத் தயாரிக்கும் ஏஎம்டி தனது வல்கன் இயக்கியின் மூலநிரலை வெளியிடும் என்று காத்திராமல், நிரலாளர்களான டேவ் ஏர்லியும் பாஸ் நியூவென்ஹூய்சனும் 2016இல் இதைத் தொடங்கினார்கள்.

இதன் பெரும் சிறப்பு, ஸ்டீம் விளையாட்டுத் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் ஆதரவில் உருவாகி, 2020இல் இயல்பிருப்பாக அமைந்த ஏகோ ஷேடர் கம்பைலர். ஷேடர் என்பது காட்சியின் ஒளி, நிறம் போன்றவற்றைக் கணக்கிட வரைகலை அட்டையில் ஓடும் சிறு நிரல். புதிய காட்சி திரைக்கு வரும் கணத்தில் அதற்கான ஷேடர்களை எந்திர மொழிக்கு மாற்றியாக வேண்டும். முன்பு அப்பணியைச் செய்த எல்எல்விஎம் என்னும் கம்பைலர் எடுத்துக்கொண்ட நேரம், கதவைத் திறந்து அடுத்த அறைக்குள் நுழையும்போது படம் ஒரு கணம் உறைந்து நிற்பதாகக் கண்ணுக்குத் தெரிந்தது. ஏகோ வந்தபின் அந்தத் தடங்கல் வெகுவாகக் குறைந்துவிட்டது, அதுவே எனக்குப் போதும்.

2012இல் விற்பனைக்கு வந்த ரேடியான் எச்டி 7970 போன்ற பழைய அட்டைகளையும் இது கைவிடவில்லை. 2025இல் ஏஎம்டியே தனது திறந்த மூல வல்கன் இயக்கியான ஏஎம்டிவிஎல்கேயை நிறுத்திவிட்டு ராட்வியை ஆதரிப்பதாக அறிவித்தது.

லினக்ஸின் நீண்டகால ஆதரவு வெளியீடுகளில் மேசாவின் பழைய பதிப்பே பெரும்பாலும் இருக்குமாதலால், புத்தம்புதிய அட்டை வாங்குவோர் மேசாவின் பதிப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டு வாங்குவது நல்லது.