நாய்க்குட்டி வாங்கப் போகிறீர்களா? காசு கொடுக்க முதல் கண்ணைப் பாருங்கள்

போன கிழமை யாழ்ப்பாணத்தில் ஒரு லாப்ரடோர் குட்டி வாங்கினேன். 45,000 ரூபா. ஒன்லைனில் விளம்பரம் போட்டு வீட்டில் வைத்து விற்கிற ஆள்.

நாங்கள் போனது பொழுதுபட. விறாந்தையில் வெளிச்சம் காணாது. ஈரத்துணியால் குட்டியின் முகத்தைத் துடைத்தபடியே தூக்கிவந்தார். வலது கண்ணை மட்டும் சுருக்கிக்கொண்டிருந்தது. கருவிழியில் பால் ஊற்றின மாதிரி ஒரு மங்கல். கேட்டேன். "குட்டியளுக்குக் கண் நீலமாத்தான் இருக்கும் அக்கா, போகப் போக மாறும், யோசிக்காதேங்கோ" என்றார். அவரின் தாய் தேத்தண்ணி தந்தார், தடுப்பூசி அட்டையும் கைக்கு வந்தது. எண்ணிக் கொடுத்தேன்.

பாதி உண்மையைச் சொல்லி ஏமாற்றியதுதான் எனக்கு ஆத்திரம். குட்டிகள் பிறந்து 10–14 நாளில் கண் திறக்கும், சில கிழமைக்கு நீலமாகத்தான் தெரியும். ஆனால் அது இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி, உள்ளே இருக்கிற நிறம். மேலே படர்ந்த மங்கலும் கண் கூசுவதும் நோய்.

விடிய எழும்பினால் மஞ்சள் பூளையில் கண் ஒட்டிக் கிடக்கிறது. விற்றவருக்குப் போன் எடுத்தேன். முதலில் "தூசு பட்டிருக்கும்". பிறகு "நீங்கள் சவர்க்காரம் போட்டுக் குளிக்க வார்த்திருப்பியள்". அப்புறம் ஒரு சொட்டு மருந்தின் படம், பாமசியில் வாங்கி விடட்டாம்.

அந்தப் படத்தை மிருக வைத்தியரிடம் காட்டினேன். ஸ்டீரொயிட் மருந்து! கருவிழியில் புண் இருக்கும்போது அதை விட்டால் புண் ஆழமாகி, கண்ணே ஓட்டையாகலாம். கண்ணில் சாயம் விட்டு நீல வெளிச்சம் அடித்தார். புண் இருந்த இடம் பச்சையாக மின்னியது. கீழ் இமை உள்ளே மடிந்து, மயிர் உரசி உரசி வந்த புண். ஒரு இரவில் வருகிற புண் இல்லை என்றார். இமைக்குத் தற்காலிகத் தையல் போட்டிருக்கிறது. பார்வை முழுதாகத் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாதாம்.

விற்றவரிடம் 45,000 ரூபாவைத் திருப்பிக் கேட்டேன். "வித்த குட்டிக்குக் காசு திருப்பித் தாறேல்ல." அதோடு நம்பரையும் புளொக் பண்ணிவிட்டார். வைத்தியச் செலவு இந்த 45,000 ரூபாவுக்கு மேலால்.

குட்டிக்கு மருந்து விடுகிற நேரம், சுருக்கமாகச் சொல்கிறேன். பகல் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள். துடைக்காமல் காட்டச் சொல்லுங்கள். கண்ணைச் சுருக்கினால், மங்கலாக இருந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். கண்ணோடு மூக்கும் ஒழுகி இருமினால் டிஸ்டெம்பர் என்ற தொற்று நோயாகவும் இருக்கலாம், மற்ற நாய்களிடம் விடாதீர்கள். பூளையைக் கொதித்தாறிய தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைக்கலாம். மனிசருக்கு விடுகிற சொட்டு மருந்து மட்டும் வேண்டாம்.